பிந்தி விழும் நான்காவது அடி

ரவையின் காலில் ஒரு குறையும் இல்லை.

மருத்துவர் சண்முகவடிவு அதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். எலும்புப் படம் எடுத்தாயிற்று. இடுப்பு மூட்டை மடக்கி நீட்டிப் பார்த்தாயிற்று. பாதத்தின் மெத்தைகளை ஒவ்வொன்றாக விரித்து, நக இடுக்கில் முள் ஏதும் இருக்கிறதா என்று தேடியாயிற்று. வறுத்த ரவையின் நிறத்தில் இருந்த அந்த இரண்டு வயதுப் பெண் நாய், மேசைமேல் படுத்தபடி வடிவின் மணிக்கட்டை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லேன்னா ஏன் நொண்டுது?" என்று கேட்டாள் மெல்பா.

"எனக்கும் அதான் தெரியல மெல்பாக்கா."

"எனக்குக் கேக்குதே டாக்டரம்மா. மூணு அடி சரியா விழுது. நாலாவது பிந்துது. மாலுமிக்கு விழுந்த அதே மாதிரி. அதே இடது பின்னங்கால்."

மெல்பாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நாற்பத்தாறு வயது. ரவைக்கு முன் அவளுக்கு வழிகாட்டிய நாய் மாலுமி. பனிமய மாதா கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்து ஒரு பேக்கரிக்கு வேலைக்குப் போவாள். அடுப்பிலிருந்து வரும் மக்ரூன் தட்டில் ஒன்றை எடுத்து நகத்தால் தட்டுவாள். வெந்திருந்தால் ஒரு சத்தம், உள்ளே ஈரம் இருந்தால் வேறு சத்தம். அந்தக் காதை நம்பித்தான் பேக்கரியில் தட்டை இறக்குவார்கள். அந்தக் காது நொண்டுகிறது என்று சொன்னால் நொண்டுகிறதுதான். வடிவும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ரவை அறைக்குள் வந்தபோதும் நொண்டியது. முதுகுவாரின் கைப்பிடியைப் பிடித்து மெல்பா மறுபடி நடந்தபோதும் நொண்டியது.

"வெள்ளிக்கிழமை வழிகாட்டி நாய் வாரியத்துலேர்ந்து ஆளு வருது," என்றாள் மெல்பா. "நொண்டுற நாயை வேலையில விடமாட்டாவ. கூட்டிட்டுப் போயிருவாவ. அடுத்த நாய் வர மூணு வருசம்."

"தெரியும்க்கா."

"மூணு வருசம்கூடப் பரவால்ல. அண்ணன் மகன் கையப் பிடிச்சுக்கிட்டுப் போவேன். ஆனா மாலுமியோட நடை இப்ப இதுக்குள்ளதான இருக்கு? இதையும் கூட்டிட்டுப் போயிட்டா எங்கிட்ட என்ன இருக்கும்?"

வடிவு நாயைச் சாயங்காலம் வரை விட்டுப்போகும்படி மட்டும் சொன்னாள்.

மருத்துவமனையின் பின்பக்கம், கடலைப் பார்த்த ஜன்னல்களோடு ஒரு நீண்ட அறை இருந்தது. அதற்குத் தூக்கக் கூடம் என்று பெயர். சாப்பாட்டுக்குப் பிறகு திரைகளை இழுத்துவிடுவார்கள். உப்புக்காற்று திரைகளை வீங்க வைக்கும், பிறகு விட்டுவிடும். தரையில் இரண்டிரண்டாக நாய்கள் படுத்திருக்கும், ஒரு கிழம், ஒரு இளசு. இரண்டின் கழுத்திலும் விரல் அகலத்தில் துணிப்பட்டை. தூக்கத்தில் கிழ நாயின் பாதங்கள் ஓடத் தொடங்கும். சற்றுப் பொறுத்து இளசின் பாதங்களும் அதே தாளத்தில் ஓடும். முழு அறையும் எங்கோ நடந்து போய்க்கொண்டிருப்பது போல இருக்கும், யாரும் நகராமலே.

இந்தப் பட்டைகள் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. தெருக்களில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் சத்தமே இல்லாமல் ஓடத் தொடங்கிய காலம் அது. பார்வையில்லாதவர்களால் நாய் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியவில்லை. ஒரு நாயைப் பழக்க இரண்டு வருடம் பிடித்தது. அதைவிடப் பெரிய துன்பம், ஓய்வு கொடுத்த நாய்கள். வேலை முடிந்துவிட்டது என்று அவற்றுக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. விடிந்ததும் கதவோரம் போய் நின்றன. யாரோ வந்து கைப்பிடியைப் பிடிப்பார்கள் என்று நின்றுகொண்டே இருந்தன. சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்காமல் செத்தன.

பட்டை இரண்டையும் தீர்த்தது. இருபத்தொரு மதியத் தூக்கத்தில் கிழ நாய்க்குத் தெரிந்த வழியெல்லாம் இளசுக்குப் போய்விடும். கிழ நாயிடம் ஒன்றும் மிஞ்சாது. எழுந்து கொட்டாவி விட்டு, உலகத்தை முதல்முறை பார்ப்பது போலப் பார்க்கும். அதைப் புதிய செல்லப்பிராணி என்று பதிந்து, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கோ புதிதாகக் கல்யாணமானவர்களுக்கோ கொடுத்துவிடுவார்கள். பழைய ஆளை அது மறந்திருக்கும். 'நாய்க்கு வழியும் ஆளும் ஒண்ணுதான், தனித்தனியா எடுக்க முடியாது,' என்று கையெழுத்து வாங்கும்போது வடிவு ஒவ்வொருவரிடமும் சொல்வாள். மெல்பாவிடமும் சொன்னாள். மெல்பா காகிதத்தைத் தடவிப் பார்த்து, "வலியில்லாம இருந்தாச் சரி," என்று கையெழுத்துப் போட்டாள். ரவை அவளிடம் வந்து ஒன்பது வாரம் ஆகிறது.

தூக்கக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பரமசிவம், ரவைக்குப் பாய் விரித்துக் கொடுத்தார். அது மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது.

"நீங்க இதோட கனவுக்குள்ள போகப் போறீகளா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணே. வலி எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்."

"போன தடவ போயிட்டு வந்து என் சட்டையை மோந்து பாத்தீக. எனக்குக் கூச்சமாப் போச்சு."

வடிவு சிரித்துக்கொண்டே நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு, ரவையின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள்.

முதலில் வாசனைதான் வந்தது. தெரு என்பது அங்கே வீடுகளின் வரிசை இல்லை. மீன் கழுவிய தண்ணீர் காய்ந்த ஓரம், உருகிய மெழுகு, உப்பு ஏற்றிய லாரி நேற்று நின்ற இடம், பூனை ஒன்றின் பழைய கோபம். இவற்றுக்கெல்லாம் அப்பால், முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் வேகும் கதகதப்பு ஒரு நூலைப் போல மூக்கைப் பிடித்து இழுத்தது. வானம் இல்லை. நிறம் இல்லை. எல்லாம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மிதந்தது.

மேலே ஒரு ஆள் இருந்தாள். முகம் இல்லை, தேவைப்படவும் இல்லை. கைப்பிடி வழியாக அவள் முழுதாக இறங்கி வந்திருந்தாள். அவளுடைய பசி தெரிந்தது. நேற்றைய சளி தெரிந்தது. அவள் சிரித்தபோது கைப்பிடி இரண்டு முறை குலுங்கியது, நாயின் முதுகெலும்பு முழுவதும் அந்தச் சிரிப்பு ஓடிப் போய் வாலில் முடிந்தது.

வடிவு வலிக்காகக் காத்திருந்தாள். ஓர் அடி. இரண்டு. மூன்று. நான்காவது அடியில் இடது பின்னங்கால் காற்றில் சற்றே தயங்கிப் பிறகு விழுந்தது. வலி இல்லை. மறுபடி மூன்று அடி, மறுபடி தயக்கம். வலி இல்லவே இல்லை. அந்தத் தயக்கம் காலிலிருந்து வரவே இல்லை. ஒவ்வொரு நான்காவது அடியிலும் கைப்பிடி ஓர் இம்மி பின்னால் தங்கியது. மேலே இருப்பவளுக்கு முடியவில்லை. அவளுக்காக நாய் காலைப் பிடித்து வைத்துக்கொண்டது. கூட வருபவர் செருப்பு மாட்டும்வரை நாம் நிற்போமே, அப்படி.

பட்டையைக் கழற்றியபோது திரை வீங்கி, அடங்கியது. வடிவு எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, மெல்பாக்காவுக்குக் கால்ல ஏதும் கோளாறா?"

"அவுகளுக்கா? நல்லாக் கேட்டீக. அவுக மாலுமியோட வந்தா நாமதான் ஒதுங்கணும். பஸ்ஸு நிக்காது, அவுக நிக்கமாட்டாவ." பரமசிவம் யோசித்தார். "அது போன வருசம் வரைக்கும். இப்பம் பைய நடக்காவ. வயசாவுதில்லா."

திங்களும் புதனும் வேலை நாய்களுக்கு. செவ்வாயும் வியாழனும் வீட்டு நாய்களுக்கு. ஒன்று இன்னொன்றைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. மறுநாள் வியாழன்.

காலையில் முதலில் வந்தது இசக்கிராஜும் அவன் மனைவி பொன்செல்வியும். கல்யாணமாகி நான்கு மாதம். தடுப்பூசிக்கு வந்திருந்தார்கள். வந்திருந்தார்கள் என்பதைவிட இழுத்துவரப்பட்டிருந்தார்கள் என்று சொல்லலாம். வாசலில் கயிறு இசக்கிராஜின் கையிலிருந்து நழுவியது; ஒரு கறுப்பு நாய் முற்றத்தைக் குறுக்காகக் கடந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, திரும்பவும் அவர்களிடம் ஓடி, திரும்பவும் தொட்டிக்கு ஓடியது.

"ஓய்வு பெற்ற நாய்னு குடுத்தீங்க டாக்டர்," என்றான் இசக்கிராஜ் மூச்சு வாங்கியபடி. "எனக்குத்தான் ஓய்வு வேணும் போல."

"நீங்க ஆபீஸ்லயே ஓய்வுதான எடுக்கீங்க," என்றாள் பொன்செல்வி. "பூந்தி! இங்க வா. டாக்டருக்கு வணக்கம் சொல்லு."

முகவாய் நரைத்த நாய். பூந்தி என்ற பேர் அதற்குப் பிடித்திருந்தது. ஓடிவந்து வடிவின் செருப்பை மோந்தது. தெரியாத ஒருவரை மோப்பது போல முழுவதும் மோந்தது. அது மாலுமி என்ற பேரில் பத்து வருடம் வருடாந்தரப் பரிசோதனைக்கு அவளிடம் வந்த நாய்.

"நொண்டுதா?" என்று கேட்டாள் வடிவு. தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது.

"இதா? வந்த அன்னைக்கே கடல்ல நண்டு வெரட்டுச்சு டாக்டர்."

"இடது பின்னங்கால்ல? எப்பவாவது?"

"ஒரு நாள்கூட இல்ல. ஏன், ஏதும் பிரச்சினையா?"

"இல்ல. சும்மா ஒரு படம் எடுத்துக்கிறேன்."

படத்தைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்தாள். இடுப்பு மூட்டில் அதே மங்கலான நிழல். தேய்மானம் என்று, ஓய்வு கொடுத்த அன்று எழுதியிருந்தாள். பத்து வயது தாண்டிய எந்த நாயைப் படம் எடுத்தாலும் அந்த நிழல் விழும், விழாவிட்டால்தான் அதிசயம். அன்று அவள் நொண்டலைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள். படம் ஆமாம் என்றது. அதற்குமேல் அவள் எதையும் பார்க்கவில்லை.

வெளியே பூந்தி தொட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு கால்களும் சரியாக விழுந்தன.

சாயங்காலம் மெல்பாவை வரச் சொன்னாள். பேக்கரி உடுப்போடு, சீனி மணக்க வந்தாள். ரவை அவள் காலடியில் படுத்தது. பரமசிவம் டீ கொண்டுவந்து, கோப்பையின் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"போன வருசம் மாலுமிக்கு என்ன ஆச்சுக்கா?" என்று கேட்டாள் வடிவு. "எங்கிட்டக் கொண்டு வராம நீங்களே ஏதும் பாத்தீங்களா?"

மெல்பா டீயை ஊதினாள். "தெரிஞ்சு போச்சா?"

"எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

"மீன்பிடித் துறைமுகத்துக்கிட்ட கால்ல சிப்பி ஓடு குத்திட்டு. நல்லா ஆழமா. இங்க கொண்டு வந்தா என்ன செய்வீக? பத்து வயசாச்சு, போதும்னு எழுதிருவீக. அதான் மஞ்சளும் தேங்காண்ணையும் வச்சுக் கட்டினேன். பத்து நாள்ல ஆறிட்டு."

"ஆறிடுச்சா?"

"புண்ணு ஆறிட்டு. நொண்டல் போகல. உள்ளுக்குள்ள இன்னும் வலிக்குது போலன்னு நானும் கூடவே பைய நடந்தேன். அது காலைத் தூக்கி வைக்கிற வரைக்கும் நின்னுக்கிடுவேன். யாருக்கும் தெரியக் கூடாதுல்லா?" மெல்பா லேசாகச் சிரித்தாள். "ரெண்டு பேரும் சேந்து நொண்டினா நொண்டுறது தெரியாது டாக்டரம்மா. ஒரு வருசம் ஓட்டிட்டோம். அப்புறம் வருசப் பரிசோதனையில நீங்க கண்டுபிடிச்சிட்டீக."

வடிவு மத்தியானம் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். 'நீங்க கொஞ்சம் வெரசா நடந்தா ரவைக்குச் சரியாயிடும்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும் பதில். அது பொய்யும் இல்லை. அதற்குமேல் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

"நேத்து ரவையோட கனவுக்குள்ள போனேன்," என்றாள். "அதுக்குக் கால் வலிக்கல. உங்களுக்குத்தான் கால் முடியலன்னு அது நெனைக்குது. உங்களுக்காகத்தான் அது நாலாவது அடியில நிக்குது."

"எனக்கா? எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்."

"மாலுமிக்காக நின்னு நின்னு உங்க உடம்பு பழகிருச்சு. இப்பவும் நிக்கிறீங்க. உங்களுக்கே தெரியல."

மெல்பாவின் கை கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடியது. வடிவு வாங்கிக்கொண்டாள்.

"சரி," என்றாள் மெல்பா மெதுவாக. "ரவைக்கு இந்த நெனப்பு எங்கேருந்து வந்துச்சு? அது எங்கூட வந்தே ஒன்பது வாரம்தான ஆகுது."

வடிவு கோப்பையை மேசையில் வைத்தாள்.

"மாலுமிக்கிட்டேருந்து வந்துச்சு. அப்படித்தான? அப்பம் மாலுமியும் எனக்கு முடியலன்னுதான்..." அவள் நிறுத்தினாள். ஒரு மக்ரூனைத் தட்டிவிட்டுக் காத்திருப்பவள் போலத் தலையைச் சாய்த்தாள். "டாக்டரம்மா. மாலுமி இப்பம் எப்படி நடக்குது?"

'தெரியாது' என்று சொல்லிவிடலாம். இந்தக் காதிடம் அதைச் சொல்ல முடியாது.

"ஓடுதுக்கா."

திரையில்லாத ஜன்னலில் கடல் மட்டும் இருந்தது. மெல்பா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவளுடைய கை கீழே இறங்கி, ரவையின் இடது இடுப்பைக் கண்டுபிடித்து, அங்கேயே தங்கியது.

"அது எனக்காக நொண்டியிருக்கு. நான் அதுக்காக நொண்டியிருக்கேன். யாருக்கும் ஒண்ணுமில்ல."

"ஆமா."

"திருப்பி ஊத்த முடியாதா? இதுக்கிட்டேருந்து எடுத்து?"

"முடியாதுக்கா. ஒரு தடவைதான். ரெண்டுமே வீணாப் போயிரும்."

"நான் பக்கத்துல போய் நின்னா?"

"புது ஆளுன்னு மோந்து பாக்கும். என்னைய அப்படித்தான் மோந்துச்சு."

மெல்பா எழுந்தாள். "எனக்கு உங்க மேல கோவமா வருது டாக்டரம்மா."

"வரட்டும்."

"நான்தான் முட்டாள். கண்ணு தெரியாதவ. உங்களுக்குக் கண்ணு இருந்துச்சே. படிச்சிருக்கீகளே. கழட்டி விட்டு ஒரு தடவ ஓட விட்டுப் பாத்திருக்கலாம்லா? ஒரே ஒரு தடவ?"

"பாத்திருக்கணும்."

"ரவை, எந்திரி."

கைப்பிடியைப் பிடித்தாள், விருட்டென்று நடந்தாள். ஒன்பது வாரமாக, அதற்கு முன் ஒரு வருடமாக, அவள் அப்படி நடந்ததில்லை. கதவின் நிலையில் தோள் இடித்தது, நிற்கவில்லை. ரவை திடுக்கிட்டுக் கூட ஓடியது. முற்றத்தில் மூன்று அடி, நான்காவது பிந்தியது. கைப்பிடி பிந்தவில்லை, நாயைத் தாண்டி முன்னால் போனது. ரவை தலையைத் தூக்கி மேலே பார்த்தது. மறுபடி மூன்று அடி. மறுபடி கைப்பிடி காத்திருக்கவில்லை. தொட்டியைத் தாண்டும்போது நான்காவது அடி எங்கோ உதிர்ந்து போயிருந்தது. பரமசிவம் ஓடிப் போய் வாசல் கதவைத் திறந்தார். அவர்கள் இருவரும் அவரை இடிக்காமல், ஒரு காற்றைப் போல, தெருவுக்குள் போனார்கள்.

"அடேயப்பா, பழைய ஆளு," என்றார் பரமசிவம்.

வடிவுக்கு முகம் தெரியவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அழுதுகொண்டே நடப்பவர்களின் முதுகு அது. ஆனால் வேகம் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை வாரியத்து ஆள் வந்தார். மெல்பாவின் பின்னால் குடையும் காகிதமுமாகக் கோயிலிலிருந்து பேக்கரி வரை நடந்தவர், பாதி வழியில் நடப்பதை விட்டுவிட்டு ஓடத் தொடங்கினார். தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு தட்டு மக்ரூனும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தத் தாளை மருத்துவமனையில் பதிய மெல்பா மதியம் வந்தாள். தூக்கக் கூடத்தின் வாசலில் நின்றாள். உள்ளே ஆறு நாய்கள் தூக்கத்தில் நடந்துகொண்டிருந்தன. நகங்கள் தரையை மெல்லக் கீறும் சத்தத்தை அவள் சிறிது நேரம் கேட்டாள்.

"உள்ள ஒண்ணு நொண்டுது," என்றாள்.

"எது?" என்றாள் வடிவு.

"ஜன்னல் பக்கம். கிழமும் நொண்டுது, இளசும் நொண்டுது." பிறகு, கோபம் இல்லாமல், விலை கேட்பவள் போலக் கேட்டாள்: "டாக்டரம்மா, கால் சரியில்லன்னு இதுவரைக்கும் எத்தனை நாய்க்கு எழுதியிருக்கீக?"

வடிவு கூடத்துக்குள் போய் ஜன்னல் பக்கத்து ஜோடியின் கழுத்திலிருந்து பட்டைகளைக் கழற்றினாள். கிழ நாய் கண் விழித்து அவளைப் பார்த்தது. அதற்கு இது பதினான்காவது மதியம். தன் ஆளின் நினைவு அதனிடம் இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதன் ஆளுக்குச் சொல்லி அனுப்பும்படி பரமசிவத்திடம் சொன்னாள்.

மெல்பா போன பிறகு பதிவேட்டை எடுத்தாள். பன்னிரண்டு வருடம். ஓய்வுக்கான காரணம் என்ற கட்டத்தில், அவளுடைய சாய்ந்த கையெழுத்தில், இடுப்புத் தேய்மானம் என்று முப்பத்தொரு இடங்களில் இருந்தது. சில நாய்கள் இறந்துவிட்டன. சில வீடுகள் ஊர் மாறிவிட்டன. பதினேழு எண்கள் மிஞ்சின. ஒவ்வொன்றின் அருகிலும், புதிய செல்லப்பிராணி, நலம் என்று குறித்திருந்தது. நலம் என்று எழுதியபோது அவள் ஒருமுறைகூட எப்படி நடக்கிறது என்று கேட்டதில்லை. அந்த நாய்களின் நடை இன்று பதினேழு இளைய நாய்களின் கால்களில், பதினேழு பேரின் கைப்பிடிகளுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது.

முதல் எண்ணை அழுத்தினாள். மணி நெடுநேரம் அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தது யார் என்று தெரிவதற்குள், மூச்சிரைப்பும் ஒரு பிள்ளையின் கூச்சலும் கேட்டன. அவற்றுக்கு அடியில், தரை ஓட்டின் மேல், நகங்கள் ஓடிவரும் சத்தம்.

வடிவு கண்ணை மூடிக்கொண்டு அடிகளை எண்ணினாள்.